மூழ்கிய படகில் ஒரு கட்டம் போட்ட கைக்குட்டை

என் கணவர் ராயப்பன் ஷூவைக்கூடக் கழற்றாமல் எண்ணூர் கழிமுகத் தண்ணீருக்குள் இறங்கி ஓடியதை, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நான் பார்த்தேன்.

நல்ல மதிய வெயில். படகுப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரஃபீக் பாய் வீட்டுத் தால்சாப் பருப்புக் குழம்பை யார் அதிகமாக ஊற்றிக்கொண்டது என்று பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, சவுக்குக் கழியில் கட்டியிருந்த எங்கள் புதுப் படகு, விளிம்பு மட்டும் வெளியே தெரிய, உள்ளே முழுக்கத் தண்ணீரோடு நிம்மதியாக மூழ்கிக் கிடந்தது. நாங்களேதான் காலையில் அதை மூழ்கடித்திருந்தோம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ‘ஏன்’ தெரியாத ஒரே ஆள் ராயப்பன். துறைமுகச் சீருடை, நெஞ்சில் ஆடும் அடையாள அட்டை, கையில் டிபன் பை. முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏற ஏற அவர் குரலும் ஏறியது.

“ஜெசீ! ஓடியா ஜெசீ! உன் போட்டு முழுவிப் போச்சுடீ!”

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் நினைக்கலாம். ராயபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் போய், ‘ராயப்பன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்பார்கள்.

ஹெட்செட்டிலிருந்து உளிக்கு

நான் கால் சென்டர் வேலையை விட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த அம்பத்தூர் வாசகர் ஒருவர், ‘நாற்பதைத் தாண்டிய குடும்பப் பெண்ணுக்கு எதற்கு இந்த விபரீத ஆசை?’ என்று கேட்டிருக்கிறார். ஐயா, நாற்பதைத் தாண்டியதால்தான்.

அடுத்தவர் கோபத்தைக் காதில் மாட்டிக்கொள்ளும் வேலை அது. இன்சூரன்ஸ் பணம் வராதவர் திட்டுவார். வந்தவர், ஏன் லேட் என்று திட்டுவார். தவறான எண்ணுக்குக் கூப்பிட்டவர், அதற்கும் நம்மையே திட்டுவார். எல்லோருக்கும் ஒரே பதில்: ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ வீட்டில் குக்கர் விசில் அடிக்கத் தாமதமானால், குக்கரிடம்கூட நான் வருந்த ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. ‘மரப் படகு கட்டக் கற்றுத் தரப்படும். முன் அனுபவம் தேவையில்லை. மதியச் சாப்பாடு அவரவர் கொண்டு வர வேண்டும்.’ திருப்பித் திட்டாத ஒரு பொருளோடு மிச்சக் காலத்தைக் கழிக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. மரம் திருப்பித் திட்டும் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை.

மாஸ்டரும் அவர் பக்குவமும்

எங்கள் மாஸ்டர் பெயர் அந்தோ. என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். ‘அவன்’ என்று எழுதத்தான் கை போகிறது. படித்தால் சண்டைக்கு வருவார் என்பதால் ‘அவர்’.

அந்தோ வளைகுடாவுக்குப் போனது சமைக்க. அங்கே ஒரு மரப் படகுப் பட்டறையில் தொழிலாளர்களுக்குச் சோறு ஆக்கியவர், பாத்திரம் கழுவிய நேரம் போக மீதி நேரமெல்லாம் மரம் தூக்கி, பலகை பிடித்து, கடைசியில் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு உளியைப் பிடித்துவிட்டார். ஊர் திரும்பியதும் எர்ணாவூர் தாண்டி, கழிமுகத்தின் ஓரம் ஒரு பட்டறை போட்டார். கடற்கரை ரிசார்ட்டுகளுக்கும் பழவேற்காட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கும் மரப் படகு என்றால் இப்போது ஒரே கிராக்கி. ஆர்டர் வரிசையில் நிற்கிறது, ஆள்தான் இல்லை. அதனால்தான் எங்களைப் போன்றவர்களைப் பிடித்துப் போட்டார்.

பாடம் முழுக்கச் சமையல் பாஷைதான்.

“பலகைய அப்டியே வளைச்சா பட்டுனு வுட்டுக்கும்க்கா. இடியாப்பம் மாரி ஆவில வேவணும். வெந்துச்சான்னு பாத்து, சூட்டோட எட்து வளைக்கணும். ஆறிப் போச்சுன்னா அம்பேல்!”

நீளமான மரப் பெட்டிக்குள் பலகையை வைத்து, அடியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவி பிடிக்க வைப்போம். பெட்டியைத் திறக்கும்போது அயினி மரப் பலகையிலிருந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், பசியே எடுத்துவிடும். அந்தோ ஒருமுறை பெட்டியைத் திறந்து, பழக்க தோஷத்தில் “உப்புப் பத்துமா பாரு பாய்” என்று சொல்லிவிட்டார். பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

என்னோடு கற்றுக்கொண்டவர்கள் இரண்டு பேர். ரஃபீக் பாய் வண்ணாரப்பேட்டையில் கல்யாண ஷெர்வானி தைத்துக்கொண்டிருந்தவர். “ஊசில நூலு கோக்க கண்ணு ஒத்துக்கல. கண்ணுக்குத் தெரியற மாரி பெர்சா ஒண்ணு தைக்கலாம்னு வந்தேன்” என்பார். தேவகி பெரம்பூரில் மணப்பெண் அலங்காரம் செய்தவள். “நான் மணிக்கணக்கா பண்ற வேலைய, ராத்திரி ஒரு சொம்பு தண்ணில கழுவிடறாங்கக்கா. தண்ணில போட்டாலும் போவாத வேலை ஒண்ணு செய்யணும்” என்று அவள் சொன்னதும் எனக்கு உடனே அவளைப் பிடித்துப்போனது.

பழைய தொழில் அவ்வளவு சுலபத்தில் விடுமா? தேவகி உப்புத்தாள் போடுவதற்கு முன் பலகையைத் தடவிப் பார்த்து, “ட்ரை ஸ்கின்” என்பாள். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுப்பாள். உளி வழுக்கி மரத்தில் பட்டால் என் வாய் தானாக “சாரி சார்” என்றது. ரஃபீக் பாய் வெட்டிய முதல் பலகை, வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தது.

“இன்னா பாய் இது?” என்று அந்தோ கத்தினார்.

“உள்ள கொஞ்சம் வுட்டு வெச்சிக்கீறேன் மாஸ்டர். நாளைக்கி போட்டு ஒடம்பு போட்டுச்சுன்னா பிரிச்சு வுட்டுக்கலாம்ல?”

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வேண்டாம் என்றவரே முதல் பயணி

அந்தோவின் பட்டறையில் சான்றிதழ், பரீட்சை எதுவும் கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான். படகு கட்டி முடிந்ததும், ‘உனக்கு எதுக்கு இந்த வேலை’ என்று நம்மை அதிகமாக மறித்தவர் யாரோ, அவரை அழைத்துவந்து முதல் சவாரிக்கு உட்கார வைக்க வேண்டும். எதிர்க்கரை போய்த் திரும்ப வேண்டும். உட்கார்ந்துவிட்டால் பாஸ், அடுத்த படகிலிருந்து சம்பளத்தோடு வேலை. உட்காரவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

“துட்டு குட்தவன் குந்துவான், அது பெருசில்ல. நம்பாதவன் குந்தணும். அங்க எங்க யார்டுல இதான் சட்டம்” என்பார்.

அங்கே அப்படி ஒரு சட்டம் இருந்ததா, கழிமுகக் காற்றில் இவருக்கே தோன்றியதா என்று இன்றுவரை எங்களுக்குச் சந்தேகம் உண்டு. ரஃபீக் பாய்க்கு அவர் மச்சான், தேவகிக்கு அவள் அம்மா. இருவரும் வருவதாக உடனே ஒத்துக்கொண்டார்கள்.

எனக்கு? வேறு யார், ராயப்பன்தான்.

அவர் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறார். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே கப்பலைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். அந்த உயரத்தில் பயமே கிடையாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால்தான் பயம்.

என் மாமனார் ஆசையாகப் படகோட்டிகளின் காவலரான ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரை வைத்திருக்கிறார். அதற்கும் இவரிடம் பதில் உண்டு. “அந்த ராயப்பரும் தண்ணி மேல நடக்க சொல்ல, பயந்துகினு முழுவுனவரு தான்.” ஞாயிறு பிரசங்கங்களில் இவர் தூங்காமல் கேட்ட ஒரே பகுதி அது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குள்ளேயே படகு வந்தது. குப்பத்து ஆட்கள் வீடு வீடாக மக்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் பிள்ளைகளும் ஏறினோம். பக்கத்து வீட்டு ஆடு ஏறியது. இவர் மட்டும் மொட்டை மாடியில் நின்று, “நீங்க போங்க, நான் வூட்ட பாத்துக்கிறேன்” என்றார். தண்ணீர் வடியும்வரை பிரெட்டும் ஜாமும் தின்றபடி வீட்டைப் பார்த்துக்கொண்டார். கீழே ஃபிரிட்ஜ் மிதந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் அந்தோவின் சட்டத்தை நான் சொன்னது, சங்கரா மீன் குழம்பு வைத்த ஒரு நாள். நல்ல குழம்பு வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

“கிரேன் மேல ஏறுன்னு சொல்லு, நிலா வரிக்கும் ஏர்றேன். மரக்கட்டைல குந்திகினு தண்ணி மேல போறதெல்லாம் நம்ம கைல ஆவாது.”

“தெனமும் கப்பலுக்குள்ள இருந்துதானே பொட்டி எறக்குறீங்க?”

“அத்து கப்பல்ல கீது. நான் கரைல கீறேன்.”

“அப்ப நான் கத்துக்கிட்டது எல்லாம் வேஸ்ட்டா?”

“நானா போ சொன்னேன்? ஒயுங்கா ஏசி ரூம்ல குந்திகினு இருந்த. அந்த வேலைய வுட்டுட்டு, கை ஃபுல்லா காயம் பண்ணிகினு வர்ற. தோ, கட்ட வெரல்ல இன்னா அது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாய்க்கு வாசல் கிடையாது.

“நீங்க குந்தலன்னா நான் திரும்பிப் போயி ஹெட்செட்ட மாட்டிக்கிறேன். மாதா மேல சத்தியம்.”

அவர் சமாதானமாக ஏதாவது சொல்வார் என்றுதான் சொன்னேன். அவரோ ஒரு முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, “பேச்சு மாற மாட்டியே?” என்றார்.

அவ்வளவுதான். சத்தியத்தை நானும் திரும்ப வாங்கவில்லை, அவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. நடுவில் பழைய மேனேஜர் வேறு அடிக்கடி போன் செய்தார். என் நாற்காலி காலியாகவே இருக்கிறதாம், மாதக் கடைசிவரை வைத்திருப்பாராம். நான் பதில் சொல்லாமல் மழுப்பிக்கொண்டே இருந்தேன்.

படகு உடம்பு போடும் வாரம்

இப்போது, படகை ஏன் மூழ்கடித்தோம் என்பதற்கு வருகிறேன்.

மழைக்காலத்தில் உங்கள் வீட்டு மரக்கதவு இறுகிக்கொண்டு சாத்த முடியாமல் போகும் அல்லவா? அதேதான். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பலகை சுருங்கியிருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திரித்து, உளியால் அடித்து அடைத்து, மேலே குங்கிலியப் பிசினைக் காய்ச்சிப் பூசியிருப்போம். ஆனாலும் இண்டு இடுக்கு இருக்கும். புதுப் படகைத் தண்ணீரில் இறக்கினால் அது ஒழுகத்தான் செய்யும், ஒழுக வேண்டும். அதனால் சில நாள் தண்ணீரிலேயே ஊறப்போட வேண்டும். மரம் தண்ணீர் குடித்து ஊதி, ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். பிறகு உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டால் சொட்டு இறங்காது.

“பாத்தியா? நான் சொல்ல சொல்ல சிரிச்சீங்க! போட்டு ஒடம்பு போடுதா இல்லியா?” என்று ரஃபீக் பாய் துள்ளிக் குதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதல் சவாரி என்று முடிவாகியிருந்தது. அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள், காலையில் படகை இறக்கினோம். நான்கு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, உள்ளே மணல் மூட்டை வைத்து, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினோம். மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பலகை மேல் அந்தக் கழிமுகத்துக் கலங்கல் தண்ணீர் ஏறியபோது தேவகி கண்ணை மூடிக்கொண்டாள். கையில் அப்போதும் டிஷ்யூ பேப்பர்.

இந்த விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. ‘உங்களை உட்காரச் சொன்ன படகு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது’ என்று ராயப்பனிடம் எந்த வாயால் சொல்வது? ஞாயிறு அன்று எண்ணூர் பக்கம் தலைவைத்தே படுக்கமாட்டாரே.

மறுபடி அந்த மதியம்

இப்போது புரிந்திருக்கும். வேலை நாளில், எங்கள் யாருக்கும் சொல்லாமல் வந்து நின்ற அந்த மனிதர் கண்ணில் பட்டது என்ன? மனைவி பாடுபட்டுக் கட்டிய படகு, கேட்பாரற்று மூழ்கிக் கிடக்கிறது.

நான் சோற்றை விழுங்கி எழுவதற்குள் அவர் படகின் விளிம்பைப் பிடித்து, ஏறி, உள்ளே விழுந்துவிட்டார். டிபன் டப்பாவைத் திறந்தார். புளிச்சோறு கழிமுகத்துக்குப் போனது. அதே டப்பாவால் தண்ணீரை வாரி வாரி வெளியே கொட்ட ஆரம்பித்தார்.

“யோவ்! எறைக்காதய்யா! வுட்டுடு!” என்று அந்தோ கையில் பருப்போடு ஓடினார்.

“நீங்க வேணா வுட்டுடுங்கடா! நான் வுட மாட்டேன்!”

“அண்ணே, அத்து முழுவட்டும்ணே!” என்றாள் தேவகி. அவருக்கு இன்னும் வெறி ஏறியது.

உள்ளே தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும், மேல் பலகை இடுக்கு ஒன்றிலிருந்து பீச்சாங்குழல் மாதிரி வெளித்தண்ணீர் உள்ளே அடித்தது. அது நான் பஞ்சு அடைத்த இடம். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பேன்ட் பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை உருவினார். அதை இடுக்கில் வைத்து, வீட்டுச் சாவியால் குத்திக் குத்தி உள்ளே ஏற்றினார். பீச்சுவது நின்றது.

நான் தண்ணீரில் கால் வைத்ததும் அங்கிருந்தே கையை நீட்டித் தடுத்தார்.

“வராத ஜெசி! ஆழமா கீது! நீ அங்கியே நில்லு!”

காலை முழுக்க நான் நின்று வேலை செய்த தண்ணீர் அது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. பயந்து நடுங்கிக்கொண்டேதான் அத்தனையும் செய்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தோ பக்கத்தில் போய், கதவு இறுகும் கதையை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். ராயப்பன் டப்பாவைக் கீழே விட்டார்.

“அப்ப இத்து… வேணும்னே முழுவ வெச்சதா?”

“ஆமாங்க” என்றேன் கரையிலிருந்து.

“இத்தினி மாசம் கட்டி, வேணும்னே?”

பிறகு, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று மெதுவாகக் குனிந்து பார்த்தார். படகின் குறுக்குப் பலகையில், இடுப்பளவு தண்ணீரில். பார்த்ததும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை அசைக்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் அந்தோவும் ரஃபீக் பாயும் பிடித்து, குழந்தைக்குச் சொல்வது போல் ஒவ்வொரு அடியாகச் சொல்லிச் சொல்லிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தேவகியின் பார்லர் துண்டைப் போர்த்திக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்தார். தால்சாவை ஒரு கிண்ணம் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“வேலை நாள்ல இங்க இன்னாங்க வேலை உங்களுக்கு?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “ஷிஃப்ட்டு மாத்திகினு வந்தேன். நீங்கல்லாம் துன்னுகினு இருப்பீங்க, யாரும் பாக்க மாட்டாங்க. போட்டு கரைல தான இருக்கும், ஒரு தபா குந்திப் பாத்துக்கலாம்னு…”

தேவகி இன்னொரு கிண்ணம் தால்சாவை அவர் கையில் வைத்தாள்.

ரஃபீக் பாய்தான் ஆரம்பித்தார். “மாஸ்டர், மனுசன் குந்துனாரா இல்லியா? குந்துனாரு. ஜெசிம்மா பாஸ்.”

“முழுவுன போட்டுல குந்துனா கணக்குல வராது பாய். போட்டு மொதக்கணும், எதிர்க்கரை போவணும், திரும்பி வரணும். சட்டம்னா சட்டம்.”

அந்தோவின் தலையில் தால்சா கிண்ணத்தைக் கவிழ்க்கலாம் போல் இருந்தது. ராயப்பன் ஷூவில் இருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டே, “ஞாயித்துக்கெழமை பாக்கலாம்” என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு

படகு நன்றாக ஊறி, நன்றாகவே உடம்பு போட்டிருந்தது. மூட்டைகளை எடுத்து, தண்ணீரை இறைத்துவிட்டதும், தக்கை போல மேலே வந்து நின்றது. உள்ளே கையை வைத்துப் பார்த்தோம். சொட்டு ஈரம் இறங்கவில்லை. ஒரே ஒரு இடம் தவிர.

அன்று எடுக்க மறந்த ராயப்பனின் கைக்குட்டையைப் பலகைகள் இரண்டு பக்கமும் ஊதிக் கவ்விக்கொண்டுவிட்டன. அந்தோ இழுத்தார், குறடு போட்டு இழுத்தார். ம்ஹூம். வெளித்தண்ணீரைத் துணி உறிஞ்சி, உள்ளே தொங்கிய முனை வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. தேவகி ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பார்த்தாள். அது உடனே நனைந்து விழுந்தது.

“போட்டு கட்ற ஊர்ல எங்கியாவது பலகைக்கு நடுவுல கர்ச்சீப்பு வெச்சு பாத்துகிறீங்களா? என் மானம் போச்சு” என்று அந்தோ தலையில் கைவைத்தார். அந்தப் பலகையைப் பிரித்தால் மொத்தப் பக்கத்தையும் பிரிக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டோம்.

ரஃபீக் பாயின் மச்சான் வெள்ளைச் சட்டையில் வந்து, போய்த் திரும்பி, “பரவால்லயே” என்றார். தேவகியின் அம்மா போய்த் திரும்பும்வரை வாய் ஓயாமல் பேசினார், இறங்கியதும் மகளைக் கட்டிக்கொண்டார். அடுத்தது என் முறை. நான் துடுப்பைப் பிடித்து உட்கார்ந்தேன். அந்தோ பின்னால்.

ராயப்பன் வந்திருந்தார், பூசைக்குப் போன அதே சட்டையில். ஆனால் தண்ணீர் தொடும் இடத்துக்கு ஓரடி தள்ளி நின்றுவிட்டார். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், பாலத்தில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வந்தால் அது எனக்காக வந்ததாகிவிடும். அவராக வரட்டும் என்றுதான் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே மட்டும், வந்துடுங்க, வந்துடுங்க என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது.

அவர் பார்வை படகுக்குள் போனது. கைக்குட்டையின் முனையில் ஒரு சொட்டுத் திரண்டு விழுந்தது. இன்னொன்று திரண்டது.

“ஜெசி, அத்து ஒயுவுது.”

“ஆமாங்க. உங்க கர்ச்சீப்புதான்.”

“அப்டியே இட்டுகினு போவப் போறியா?”

“வேற இன்னா பண்றது?”

“தோடா! நடுத்தண்ணில ஜாஸ்தியாச்சுன்னா?”

பேன்ட்டை மடித்துவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு காலை வைத்தார், படகு ஆடியது, என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே மறு காலையும் வைத்தார். நேராகப் போய், கைக்குட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சொட்டுவது நின்றது.

“ம். எடு” என்றார்.

கரையில் ரஃபீக் பாய் விசில் அடித்தார். நான் துடுப்பைப் போட்டேன்.

கரை நகர்ந்து போனது. ராயப்பன் தண்ணீரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தார். எதிர்க்கரையைத் தொட்டுத் திரும்பும்போது, தலையைத் தூக்காமலே பேசினார்.

“நீ தூக்கத்துல கூட சொல்லிகினு இருப்ப, தெரியுமா?”

“என்னாது?”

“அதான், ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’னு. வருசக் கணக்கா கேட்டுகினு கீறேன். இந்த வேலைக்கி வந்த அப்பால ஒரு நாளு கூட சொல்லல. நீ ஷோக்கா தூங்குற. நான் தான் முயிச்சிகினு இருந்தேன், எப்டிடா அந்தப் போட்டுல குந்தறதுன்னு.”

துடுப்பு கையில் அப்படியே நின்றுவிட்டது. இந்த மனிதரைப் போய், என் ஆசையைப் புரிந்துகொள்ளாதவர் என்று நினைத்திருந்தேனே!

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பலகை மேல் கிடந்த போனில் பழைய மேனேஜர் பெயர். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லாத ஆபீஸ் அது. மாதக் கடைசியும் நெருங்கிவிட்டது. எனக்கு இரண்டு கையிலும் துடுப்பு.

ராயப்பன் ஒரு கட்டைவிரலைக் கைக்குட்டையிலிருந்து எடுக்காமல், மறு கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டே இராத சுத்தமான தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

“வணக்கம். ஜெசிந்தா படகில் இருக்கிறார். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா என் மூஞ்சியே பாத்துகினு கீற? துடுப்ப போடு.”